சாயம் வெளுக்கட்டும்

சென்ற மார்கழியில் பட்டணத்தில் நடந்த ஒரு கைத்தொழில் கண்காட்சிக்குப் போயிருந்தேன். கண்காட்சிகளுக்குப் போவது என் வழக்கமல்ல. கச்சேரிக்கு நேரம் இருந்தது, வழியில் பந்தல் இருந்தது, நுழைந்தேன், அவ்வளவுதான். ஒரு கடையில் கம்பளிச் சால்வை ஒன்றை மாட்டியிருந்தார்கள். மஞ்சிட்டிச் சிவப்பு. கரையில் இரண்டு விரற்கடை அகலத்துக்கு மங்கலான மஞ்சள். அந்தக் கரையில் ஓரிடத்தில் ஊடை நூல் ஒன்று தடம் மாறி ஓடியிருந்தது. அதைப் பார்த்ததும் சால்வையின் ஜாதகமே எனக்குத் தெரிந்துவிட்டது. அதை நெய்தவள் என் தமக்கை. அந்த நூல் தடம் மாறியபோது நான் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவளிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தேன். தவறில் எனக்கும் பங்கு உண்டு.

சால்வையில் ஒரு சீட்டுத் தொங்கிற்று. முரட்டுப் பழுப்புக் காகிதம். அதில் ஓர் இலையின் படம். 'இயற்கை அன்னை தந்த வண்ணம். ரசாயனம் அறவே இல்லை' என்று அச்சடித்திருந்தது. பின்பக்கம் விலை: 6,800 ரூபாய். அதே சால்வைக்கு என் தமக்கை வாங்கிய தொகை 2,200 ரூபாய் என்பது எனக்குத் தெரியும். அவள் கணக்கு நோட்டில் அதை எழுதியவனே நான்தான்.

"இதை யார் செய்தது, அம்மா?" என்று கடையில் இருந்த பெண்ணைக் கேட்டேன்.

"எல்லாம் இயற்கைதான், சார். இலை, பூ, வேர்... மனுஷங்க இதிலே ஒண்ணுமே சேர்க்கலை" என்றாள்.

அந்தப் பெண்ணின் மேல் எனக்குக் கோபம் இல்லை. சொல்லிக் கொடுத்ததை அவள் சொன்னாள். சொல்லிக் கொடுத்தவர்கள்மேல்தான் கோபம். அதில் என் மேலேயும் கொஞ்சம் கோபம் உண்டு. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நானும் ஒரு பத்திரிகையில் 'மலையன்னை தீட்டும் வர்ணம்' என்ற தோரணையில் இரண்டு பக்கம் எழுதித் தொலைத்திருக்கிறேன். அதை என் தமக்கை படித்துவிட்டு, "தம்பி, மலையன்னை எப்போதடா விறகு பிளந்தாள்?" என்று கேட்டாள். அப்போது சிரித்து மழுப்பினேன். இப்போது பதில் சொல்கிறேன்.

அவள் இருப்பது கொடைக்கானலுக்கு மேலே, மன்னவனூர்ப் பக்கத்தில். ஒன்றரை ஏக்கர் நிலம். பூண்டும் உருளைக்கிழங்கும் காரட்டும் பயிர். ஓட்டு வீடு, ஒரு தறி, ஒரு ராட்டை, நாலு ஆடுகள். மன்னவனூரில் மத்திய ஆடு, கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் தென் மண்டலக் கிளை 1965 முதல் இருக்கிறது. அங்கே வளர்க்கும் பாரத் மெரினோ வழியில் வந்தவைதான் அவளுடைய ஆடுகளும். கீழ்நாட்டு ஆடுகளின் மேல் இருப்பது பெரும்பாலும் வெறும் மயிர். இந்த ஆடுகளின் மேல் இருப்பது நூற்கத் தகுந்த மெல்லிய ரோமம்.

ஓர் ஐப்பசி மழையில் மூன்று வாரம் அங்கே தங்கியிருந்தேன். நாவல் எழுதப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டுதான் போனேன். எழுதியது அரை அத்தியாயம். மற்ற நேரமெல்லாம் விறகு பிளந்தேன், தண்ணீர் சுமந்தேன், வேர் இடித்தேன். அதனால் அந்தச் சால்வை எப்படி உண்டாயிற்று என்பதைப்பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் பாத்தியதை இருக்கிறது.

நாலு ஆட்டையும் கத்தரித்தால் வருஷத்துக்கு ஒன்பது கிலோ ரோமம் சேரும். அது ரோமம் மட்டுமல்ல. பாதிக்குப் பாதி என்று சொல்ல முடியாவிட்டாலும் கணிசமான பங்கு கொழுப்பும் வியர்வை உப்பும் மண்ணும் முள்ளும்தான். பூந்திக்கொட்டை ஊறிய வெந்நீரில் அதை மூன்று தடவை முக்கி எடுக்கிறாள். கசக்கக் கூடாது, பிழியக் கூடாது, சூட்டிலிருந்து திடீரென்று குளிர்ந்த நீரில் போடக் கூடாது. போட்டால் ரோமத்துக்கு ரோமம் பின்னிக்கொண்டு ஒரே கட்டியாக அடைந்துவிடும்; பிறகு அது நூலாகாது, ஜமக்காளத்துக்கு அடியில் போடத்தான் ஆகும். நான் அப்படி ஒரு கூடை ரோமத்தைக் கெடுத்தேன். கழுவி உலர்த்தினால் ஒன்பது கிலோ ஐந்தரைக் கிலோ ஆகிறது. பத்துப் பன்னிரண்டு சால்வைக்குக் காணும். அதுதான் அவளுடைய ஒரு வருஷத்து மூலதனம்.

பிறகு சிக்கெடுத்து வாரவேண்டும். நூற்கவேண்டும். நூற்ற நூலைச் சிட்டமாகச் சுற்றிச் சாயத்துக்கு ஆயத்தமாக்க வேண்டும். வெறும் ரோமத்தைச் சாயத் தண்ணீரில் போட்டால் பெரும்பாலான சாயங்கள் ஒட்டுவதுபோல் ஒட்டி, இரண்டு சலவையில் போய்விடும். அவற்றைப் பிடித்து வைக்க ஒன்று வேண்டும். அது படிகாரம். 100 கிராம் நூலுக்கு 12 முதல் 15 கிராம் படிகாரம் கரைத்து, அந்தத் தண்ணீரில் சிட்டத்தை ஒரு மணி நேரம் இளஞ்சூட்டில் வைத்து, அப்படியே ஓர் இரவு ஆறவிடுகிறாள். மறுநாள் மஞ்சிட்டி வேர். ஏறக்குறைய நூலின் எடைக்கு எடை காய்ந்த வேர் வேண்டும். இடித்து ஊறவைத்து, வடிகட்டி, அந்தத் தண்ணீரில் சிட்டத்தை இறக்கி, அடுப்பை விட்டு நகராமல் நிற்கவேண்டும். தண்ணீர் தளதளவென்று கொதித்துவிட்டால் அவள் கணக்கில் அந்தப் பானை பாழ். சிவப்பு மங்கிப் பழுப்பாக இறங்கிவிடும் என்கிறாள். ஆகவே விறகைத் தள்ளுவதும் இழுப்பதுமாக இரண்டு மணி நேரம். புகையில் கண் எரியும். மழையில் விறகு ஈரமாக இருக்கும். இயற்கை அன்னை அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

நாள் கணக்கை எழுதிவிடுகிறேன். 400 கிராம் எடையுள்ள ஒரு சால்வைக்குக் கழுவிப் பொறுக்க ஒரு நாள், வார இரண்டு நாள், நூற்க ஆறு நாள், படிகாரமும் சாயமும் ஏற்ற இரண்டு நாள், பாவு போட்டு நெய்ய மூன்று நாள். மொத்தம் 14 நாள். 2,200 ரூபாயை 14-ஆல் வகுத்தால் நாளுக்கு 157 ரூபாய். ஆட்டுக்குத் தீனி, விறகு, வேர், படிகாரம் எதையும் நான் இதில் கழிக்கவில்லை. பக்கத்துப் பூண்டுத் தோட்டத்தில் களை எடுக்கப் போகிறவளுக்கு இதைவிட அதிகக் கூலி.

இப்போது அந்தச் சீட்டை மறுபடியும் படித்துப் பாருங்கள். 'இயற்கை அன்னை தந்த வண்ணம்.' தந்தது அன்னை என்றால் அன்னைக்குக் கூலி தரவேண்டியதில்லை அல்லவா? 'இயற்கை' என்ற சொல்லுக்கு இந்த வியாபாரத்தில் இருக்கிற முதல் உபயோகம் அதுதான். அது ஒரு திரை. திரைக்கு முன்னால் இலைப் படம். திரைக்குப் பின்னால் 14 நாள். வாங்குகிறவர் இலையைப் பார்த்துக் காசு கொடுக்கிறார். நடுவில் இருப்பவர் அதை வாங்கிப் பையில் போட்டுக்கொள்கிறார்.

நியாயத்துக்காகச் சொல்கிறேன்: கடைக்காரருக்கும் வாடகை உண்டு, ஆள் கூலி உண்டு, விற்காமல் தங்கிப்போகும் சரக்கு உண்டு. 6,800-ல் மீதி முழுவதும் அவருக்கு லாபம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வாடகைக்கும் ஆள் கூலிக்கும் கணக்குப் பார்க்கத் தெரிந்தவருக்கு, நூற்ற ஆறு நாளுக்கு மட்டும் ஏன் கணக்குப் பார்க்கத் தெரியவில்லை என்பதுதான் என் கேள்வி.

அடுத்தது, 'ரசாயனம் அறவே இல்லை' என்ற வாக்கியம். இது பச்சைப் பொய். படிகாரம் ரசாயனம் இல்லாமல் வேறென்ன? கடுக்காய்த் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து கறுப்பாவது ரசாயனம்தான். கொஞ்சம் படித்தவர்களிடம் பேசினால், "நாங்கள் சொல்வது செயற்கை ரசாயனத்தை" என்று திருத்திக்கொள்கிறார்கள். அந்தத் திருத்தமும் வெகுதூரம் போகாது. 1868-ல் கிரேபே, லீபர்மன் என்ற இரண்டு ஜெர்மானியர் அலிசரின் என்ற சிவப்பை ஆய்வுக்கூடத்தில் செய்தார்கள். சோழமண்டலக் கரையில் நம் சாயக்காரர்கள் மணலைத் தோண்டி எடுத்த சாயவேரில் இருக்கும் சிவப்பும் அதே அலிசரின்தான். இரண்டுக்கும் அணுவளவும் பேதம் இல்லை. மஞ்சிட்டியில் இருப்பது அதன் நெருங்கிய உறவினர். நீல அவுரியின் நீலமும், 1897 முதல் ஒரு ஜெர்மன் ஆலை விற்க ஆரம்பித்த நீலமும் பொருளளவில் ஒன்றே. பேதமெல்லாம் அது எப்படி வந்தது, யார் செய்தார்கள், கழிவு நீர் எங்கே போயிற்று, கூலி எவ்வளவு என்பதில்தான் இருக்கிறது. அந்தக் கேள்விகளைத்தான் சீட்டு கேட்பதில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். செடியிலிருந்து வந்ததாலேயே ஒரு சாயம் சாது ஆகிவிடாது. பச்சை வேண்டுமென்றால் மயில்துத்தம் போடலாம். மஞ்சள் பளிச்சென்று வரவேண்டுமானால் பொட்டாசியம் டைக்ரோமேட் போடலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து பல சாயக்காரர்கள் செடிச் சாயத்தோடேயே இவற்றைச் சேர்த்து வந்திருக்கிறார்கள். டைக்ரோமேட் புற்றுநோய் உண்டாக்கும் விஷம். என் தமக்கையிடம் சால்வை வாங்கும் அதே கடையிலிருந்து ஒருவர் வந்து, "மஞ்சள் இன்னும் தூக்கலாக இருந்தால் நன்றாக விற்கும், இதைக் கொஞ்சம் சேர்த்துப் பாருங்கள்" என்று ஒரு பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். ஆரஞ்சு நிறத்துப் பொடி. அவள் அதைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பிவிட்டாள். பிரித்துப் போட்டிருந்தால் சீட்டில் என்ன மாறியிருக்கும்? ஒன்றும் மாறியிராது. இலைப் படம் அப்படியேதான் தொங்கியிருக்கும்.

இயற்கைச் சாயத்துக்குக் கருணை அதிகம் என்று எண்ணுகிறவர்கள் கொஞ்சம் சரித்திரம் படிக்கவேண்டும். 1859-60-ல் வங்காளத்துக் குடியானவர்கள் அவுரி விதைக்க மாட்டோம் என்று மறுத்து நின்றார்கள். நெல் விளையும் நிலத்தில் வெள்ளைக்காரத் தோட்டக்காரர்களுக்காக அவுரி போடச் சொல்லி முன்பணம் என்ற சுருக்கை அவர்கள் கழுத்தில் மாட்டியிருந்தார்கள். தீனபந்து மித்ரா எழுதி 1860-ல் வெளிவந்த 'நீல் தர்ப்பண்' நாடகத்தின் விஷயம் இதுதான். சம்பாரணில் 20 கட்டா நிலத்தில் 3 கட்டா அவுரிக்கு என்று கட்டாயம் இருந்தது. 1917-ல் காந்தியடிகள் அங்கே போனதன் காரணம் அந்த 3 கட்டாதான். அந்த நீலத்தில் ஒரு சொட்டுச் செயற்கை கிடையாது. முழுக்க முழுக்கச் செடி. முழுக்க முழுக்க இயற்கை. அன்றைக்கும் லண்டன் கடைகளில் அழகாகத்தான் மடித்து வைத்திருப்பார்கள்.

இவ்வளவும் எழுதியதைப் படித்துவிட்டு என் நண்பர் ஒருவர் உள்ளூரக் குதூகலிப்பார். அவர் இன்ஜினீயர். "நான் முதலிலேயே சொன்னேனே! இது பொழுதுபோகாதவர்களின் விளையாட்டு. 1856-ல் பதினெட்டு வயதுப் பையன் பெர்கின், கொய்னா செய்யப் போய் ஊதாச் சாயம் கண்டுபிடித்தான். உலகத்தின் ஏழைகளுக்கெல்லாம் வர்ணத் துணி கிடைத்தது. திரும்பவும் வேர் இடிக்கச் சொல்கிறாயா?" என்பார். அவர் கட்சியில் நியாயம் நிறைய இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். உலகத்தில் ஆண்டுக்குப் பத்துக் கோடி டன்னுக்கும் மேல் நூலிழை உற்பத்தியாகிறது. எடைக்கு எடை வேர் வேண்டும் என்றால் பழனிமலைக் காடு ஒரு வாரம் தாங்காது. மஞ்சிட்டியை வேரோடு பிடுங்கினால் கொடி செத்துப் போகிறது. இலை பறிப்பதுபோல் அல்ல. என் தமக்கை வீட்டு வேலியோரத்தில் அதைத் தானே வளர்க்கிறாள். அது வேர் பிடித்துப் பெருக வருஷக் கணக்காகிறது. ஊருக்கெல்லாம் சிவப்புத் தருவேன் என்று யாராவது கிளம்பினால் முதலில் மொட்டையாவது காடுதான்.

ஆனால் நண்பர் நொய்யல் கரைக்கு ஒருமுறை போய்வரவேண்டும். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு அந்த ஆற்றில் இறங்கி, பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத் தண்ணீர் தேங்கும் தொட்டியாயிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் கழிவைச் சுத்திகரிக்காத பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு போடவேண்டி வந்தது. சில வகைச் சாயங்கள் உடம்பில் பட்டு, தீங்கான பொருள்களாகப் பிரிகின்றன என்று 1994-ல் ஜெர்மனியே அவற்றைத் தடை செய்தது. மலிவு என்பது விலைச் சீட்டில்தான் மலிவு. மீதி விலையை ஆற்றங்கரைக் குடியானவன் கட்டினான். அங்கேயும் கணக்கில் வராத ஒருவன் இருந்தான் என்பதை நண்பர் கவனிக்கவேண்டும். நொய்யலுக்கு மருந்து மஞ்சிட்டி அல்ல. சட்டமும், சுத்திகரிப்பும், அதற்கு ஆகும் செலவைத் துணியின் விலையிலேயே சேர்த்து வாங்கும் யோக்கியதையும்தான் மருந்து. அதை மலை மேல் இருக்கும் ஒரு பெண்ணின் சாயப் பானை சாதிக்கும் என்று விளம்பரம் செய்வது ஏமாற்று. அவள் பானை சாதிக்காததால் அதை உடைத்துப் போடு என்பது அறிவீனம்.

அப்படியானால் இந்தத் தொழில் எதற்கு என்று கேட்கலாம். என் பதில் எளிது. ஒன்றரை ஏக்கர் நிலத்தில் பூண்டு விலை விழுந்த வருஷத்தில் அடுப்பு எரியவேண்டும். மழைக்காலத்தில் வயலில் வேலை இல்லாத இரண்டு மூன்று மாதம் கைக்கு வேலை வேண்டும். ஆட்டின் மேல் வளர்ந்தது வீணாகாமல் ஒரு மனிதனின் முதுகைக் குளிரிலிருந்து காக்கவேண்டும். அதோடு, இந்த நூல் இந்தத் தண்ணீரில் இந்தச் சூட்டில் என்ன ஆகும் என்று அடுப்பின் முன் நின்று கற்ற ஒரு சாஸ்திரம் இருக்கிறதே, அது அவளோடு போய்விடக் கூடாது. நீலத் தாழியைத் தயார் செய்வதைப் பார்த்தால் நண்பருக்குப் புரியும். தகரை விதையை வேகவைத்து ஊற்றிப் புளிக்க விடுவது நம் பக்கத்துச் சாயக்காரர்களின் பழைய வழக்கம். சுண்ணாம்பு குறைந்தால் நீலம் கரையாது. கூடினால் பருத்திக்குப் பரவாயில்லை, ரோமம் வெந்து போகும். என் தமக்கை மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தே "இன்னும் ஒரு நாள்" என்று சொல்வாள். சிட்டத்தைத் தாழியிலிருந்து எடுக்கும்போது அது மஞ்சள் கலந்த பச்சை. காற்றுப் படப் படக் கண்ணெதிரே நீலமாகிறது. இதில் மாயமும் இல்லை, அன்னையும் இல்லை. தெரிந்தவள் ஒருத்தி செய்கிறாள். அவ்வளவுதான், அதுவே போதும்.

சாயம் வெளுக்கும் சங்கதிக்கு வருகிறேன். போன வருஷம் கடைக்காரர் மூன்று சால்வைகளைத் திருப்பி அனுப்பிவிட்டார். இரண்டுக்குக் காரணம், ஒன்றின் சிவப்பும் மற்றதன் சிவப்பும் ஒரே மாதிரி இல்லை என்பது. மூன்றாவது, கண்ணாடி ஜன்னலில் வெயில் பட மாட்டிவைத்ததில் மஞ்சள் கரை வெளிறிவிட்டது என்பது. முதலில் இயற்கை என்று சொல்லி விற்கிறவர் இவர்தான். பிறகு ஆலைத் துணிபோல் ஆயிரமும் அச்சாக இருக்கவேண்டும் என்கிறவரும் இவர்தான். மழை வருஷத்து வேரும் வறண்ட வருஷத்து வேரும் ஒரே சிவப்பைத் தருமா? அது அவருக்குத் தெரியும். வாங்குகிறவர்களிடம் அதைச் சொல்லத்தான் மனம் இல்லை.

மஞ்சிட்டிச் சிவப்பும் அவுரி நீலமும் நன்றாக நிற்கும். மஞ்சள் கிழங்கின் நிறம் வெயிலில் நில்லாது. நம் வீட்டு வேட்டியில் தோய்த்த மஞ்சளே இதற்குச் சாட்சி. துலுக்கச் சாமந்தியும் வெங்காயத் தோலும் நடுத்தரம். இரும்பு சேர்த்த கறுப்பு நிறம் நிற்கும், ஆனால் நாளடைவில் ரோமத்தையே இற்றுப் போகச் செய்யும். சிலவகை யூகலிப்டஸ் இலை மட்டும் படிகாரம் இல்லாமலேயே ரோமத்தில் நன்றாகப் பிடிக்கும். நம் மலையைக் கெடுத்த மரம் என்று நாம் திட்டும் மரத்துக்கு இருக்கும் ஒரு நல்ல குணம் அது. இவை ஒளிக்கவேண்டிய ரகசியங்கள் அல்ல. மாம்பழம் விற்கிறவன் எது இரண்டு நாள் தாங்கும், எது இன்றே சாப்பிடவேண்டும் என்று சொல்லி விற்கிறான். அதனால் அவன் வியாபாரம் படுத்துவிடவில்லை.

இயற்கை நிறம் இயற்கை நிறம் என்று உருகுகிறவர்களைப் பார்த்துக் கடைசியாக ஒன்று கேட்கவேண்டும். சாயமே போடாத கம்பளி நம்மிடம் இருக்கிறதே, அதை எப்போதாவது தொட்டதுண்டா? திருச்சி, பெரம்பலூர்ப் பக்கத்தில் திருச்சிக் கருப்பு என்று ஓர் ஆட்டினம் உண்டு. தக்காணம் முழுக்கக் கறுத்த ரோமமுள்ள ஆடுகள் உண்டு. குரும்பர்கள் அந்த ரோமத்தை நூற்று, பாவுக்குப் புளியங்கொட்டைக் கஞ்சி போட்டு, குழித்தறியில் கறுப்புக் கம்பளி நெய்கிறார்கள். கர்நாடகத்துச் சள்ளகெரே அதற்குப் பேர்போன சந்தை. ஆடு பிறந்த நிறம்தான் கம்பளியின் நிறம். படிகாரம் வேண்டாம், வேர் வேண்டாம், விறகு வேண்டாம். வெயிலில் திரிந்த ஆட்டின் ரோம நுனி கொஞ்சம் செம்பட்டையாக இருக்கும். அந்தச் செம்பட்டையும் கம்பளியில் தெரியும். மழையில் போர்த்திக்கொண்டு மேய்ப்பன் நிற்கிறான். இரவில் அதையே விரித்துப் படுக்கிறான்.

அந்தக் கம்பளி குத்துகிறதாம், அழுக்கு நிறமாம், ஆட்டு வாடையாம். வாங்க ஆள் குறைந்ததால், கத்தரித்த ரோமத்தை மேய்ப்பர்கள் வேலியோரத்தில் கொட்டிவிட்டுப் போகிறார்கள். ஆட்டுக்கு இப்போது கறி விலை மட்டும்தான் உண்டு. மெல்லிய ரோமம் ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் வருகிறது. கம்பளி குத்துவது உண்மை. அதை நான் மறுக்கவில்லை. சட்டைக்கு மேலே போர்த்திக்கொள்ளலாம், கட்டிலில் விரிக்கலாம், தரையில் போடலாம். ஆனால் இயற்கை என்றால் கடையில் கைகட்டி நிற்பவர்கள், அசல் இயற்கை வீதியில் நாலு முழக் கம்பளியாக வரும்போது முகத்தைச் சுளிக்கிறார்கள் என்றால், அவர்கள் தேடுவது இயற்கையை அல்ல என்பது தெளிவு. இலைப் படம் போட்ட சீட்டைத்தான் அவர்கள் தேடுகிறார்கள்.

சும்மா திட்டிவிட்டுப் போவது எழுத்தாளனுக்குச் சுலபம். ஆகவே ஒரு யோசனையையும் சொல்லிவிடுகிறேன். சீட்டு இருக்கட்டும். அதில் நாலு வரி எழுதுங்கள். முதல் வரி: நூற்று, சாயம் ஏற்றி, நெய்தவர் பெயர், ஊர். இரண்டாவது: எத்தனை நாள் வேலை, இந்த விலையில் அவர் கைக்குப் போனது எவ்வளவு. மூன்றாவது: நிறம் எதிலிருந்து வந்தது, அதைப் பிடித்து வைத்திருப்பது படிகாரமா, இரும்பா, துத்தமா. நாலாவது: எவ்வளவு காலத்தில் வெளுக்கும், எப்படித் துவைக்கவேண்டும். இந்த நாலு வரிக்கு இலைப் படத்தைவிட அதிக இடம் வேண்டாம். இதைப் படித்த பிறகும் வாங்குகிறவர் வாங்கினால் அது வியாபாரம். படிக்காமல் இருந்தால்தான் வாங்குவார் என்றால் அதற்கு வேறு பெயர் இருக்கிறது.

இப்படி ஒரு சீட்டை என் கையாலேயே எழுதி அந்தக் கடைக்கு அனுப்பினேன். மரியாதையான பதில் வந்தது. வாடிக்கையாளர்கள் அழகை நாடி வருகிறார்கள், அவர்களைக் கணக்குப் போட வைத்தால் சங்கடப்படுவார்கள் என்று எழுதியிருந்தார்கள். பதிலை என் தமக்கைக்குப் படித்துக் காட்டினேன். அவள் அப்போது வெங்காயத் தோலை ஒரு சாக்கில் திணித்துக்கொண்டிருந்தாள்.

"அவங்க சங்கடப்படக் கூடாதுன்னு நாம எத்தனை வருஷமாடா சங்கடப்பட்டோம்?" என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

நாலு ஆட்டில் ஒன்றைப் போன பங்குனியில் விற்றுவிட்டாள். மற்ற மூன்றை விற்பதா வைப்பதா என்பது இன்னும் முடிவாகவில்லை. இந்த வருஷத்து ரோமம் கழுவி உலர்த்தி, வேப்பிலை போட்டுப் பரணில் இரண்டு மூட்டையாக இருக்கிறது. வேலியோரத்து மஞ்சிட்டியும் வேர் எடுக்கும் பருவத்துக்கு வந்துவிட்டது. நாலு வரிச் சீட்டோடு சால்வையை விற்கத் தயாரான கடைக்காரர் யாரேனும் இருந்தால் எனக்கு எழுதலாம், சால்வை வரும். இலைப் படம்தான் வேண்டும் என்கிறவர்களுக்கு எங்கள் வீட்டிலிருந்து இனி எதுவும் வராது.